பச்சை வலப்பக்கம்

உக்காருங்க தம்பி. இந்தப் பையை எடுத்துடறேன், தாராளமா உக்காருங்க. யாருக்காக வந்திருக்கீங்க? தங்கச்சிக்கா? காது கேக்காதா? அடடா. அம்மாவோட உள்ள போயிருக்கா, சரி சரி, வந்துடுவாங்க. கவலைப்படாதீங்க, காதுதானே. கண்ணு நல்லா இருக்கே. இந்த மாற்றுத்திறனாளி ஆணையர் ஆபீஸ் வராந்தாவுல கொஞ்ச நேரம் உக்காந்தாலே தெரியும், நாமெல்லாம் எவ்வளவோ தேவலைன்னு.

நானா? எனக்கு ஒரு குறையும் இல்லை தம்பி, நான் சர்ட்டிபிகேட் வாங்க வரலை. என்னை நோட்டீஸ் அனுப்பி வரவழைச்சிருக்காங்க. மின்வாரியத்துல என்ஜினீயரா இருந்து, ஒரு மெமோ வாங்காம ரிட்டயர் ஆனவன் நான். பேரு பெரியநாயகம். திருச்சிக்கு வந்தா பொன்மலர் அபார்ட்மெண்ட் எங்கன்னு கேளுங்க, செயலாளர் எப்படிப்பட்டவர்னு கேளுங்க. நான் செயலாளர் ஆன பிறகுதான் அங்க தண்ணி ஒழுங்கா வருது, குப்பை ஒழுங்கா போகுது. அப்படிப்பட்ட ஆளை 'எதிர்மனுதாரர்'னு போட்டுக் கூப்பிட்டிருக்காங்க.

கொஞ்சம் மெதுவா பேசுவோம். அதோ, ஜன்னல் பக்கம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தர் இருக்காரே, பாருங்க. நல்லாவே பாருங்க, அவருக்குத் தெரியாது. ஆனா பக்கத்துல சக்கர நாற்காலியில ஒரு அம்மா இருக்காங்க, அவங்களுக்குத் தெரியும். அதனால ரொம்ப உத்துப் பார்க்காதீங்க. அவர் பேரு ஞானாதிக்கம். பொறவியிலேர்ந்தே பார்வை கிடையாது. பேங்க்ல டெலிபோன் ஆப்பரேட்டரா இருந்தவர். அந்தம்மா பிரிசில்லா டீச்சர், அவர் சம்சாரம். எங்க அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடி. அவங்கதான் என் மேல மனு குடுத்தவங்க.

டீச்சருக்குப் பேச்சு போயிடுச்சு தம்பி. அது போனதுக்கு நான் காரணமாம். மனுவுல அப்படி எழுதலை, உள்ளதைச் சொல்லணும். ஆனா படிக்கிறவன் எவனா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பான். எங்க அபார்ட்மெண்ட்ல பாதிப் பேர் இப்ப என்னைப் பார்த்தா லிஃப்ட்டுல ஏறாம மாடிப்படியில போறாங்க. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? நீங்க வெளியாள். ஒரு பக்கமும் சாயாத ஆள். முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பு பண்ணினேன்னு.

எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு நாள் பட்டப்பகல்ல கொரியர்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் உள்ள வந்து, ரெண்டாவது மாடியில வாசல்ல வெச்சிருந்த பித்தளைக் குத்துவிளக்கைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். எல்லாரும் என் சட்டையைப் பிடிக்காத குறை. செயலாளர் என்ன பண்றார், செயலாளர் தூங்கறாரா. அலைஞ்சு திரிஞ்சு நான்தான் ஒரு ஆப் கொண்டாந்தேன். யாராவது கேட்டுக்கு வந்தா வாட்ச்மேன் அவன் கையில இருக்கிற மெஷின்ல வீட்டு நம்பரைப் போடுவான். அந்த வீட்டுக்காரர் போன்ல டிங் டிங்னு மணி அடிக்கும். ரெண்டு வட்டம் தெரியும். பச்சையில ஒரு டிக், சிவப்புல ஒரு பெருக்கல் குறி. பச்சையை அமுக்கினா தடுப்புக் கம்பி தானா மேல போகும். சிவப்பை அமுக்கினா வந்தவன் வந்த வழியே போக வேண்டியதுதான். எழுத்தே கிடையாது, படம் மட்டும். படிக்காதவனுக்குக்கூடப் புரியும். எவ்வளவு நல்ல ஏற்பாடு!

பழைய இண்டர்காம் ஒண்ணு இருந்துது. அணில் கடிச்சுக் கடிச்சு பாதி ஒயர் போச்சு. ஆப் வந்ததும் அதைப் பிடுங்கிப் போட்டுட்டேன். அப்பவே இவர் வந்தார். "சார், எங்க வீட்டுக்கு மட்டும் அது இருக்கட்டுமே. மணி அடிச்சா எடுப்பேன், யாருன்னு கேப்பேன், அனுப்புன்னு சொல்வேன். காலம் பூரா போனை எடுத்தே சாப்பிட்டவன் நான்"னு சொன்னார். தன்மையாத்தான் சொன்னார். ஆனா ஒரு வீட்டுக்காக ஒயர் இழுக்க முடியுமா? நாளைக்கு இன்னொருத்தர் வந்து இன்னொண்ணு கேப்பார்.

இல்ல தம்பி, அவர் போன் வெச்சிருக்கார். நல்ல போன்தான். அவங்களுக்குன்னு அதுல ஒரு குரல் இருக்கு, தெரியுமோ? விரல் எங்க படுதோ, அங்க என்ன எழுதியிருக்குன்னு அது படிச்சுச் சொல்லும். அது என்ன வேகம்! கடலை பொரியற மாதிரி பொரிஞ்சு தள்ளும், எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. அவர் அதைக் கேட்டுக்கிட்டே கரண்ட்டு பில் கட்டறார், டிக்கெட் போடறார், வெளிநாட்டுல இருக்கிற மகளுக்கு மெசேஜ் அனுப்பறார். எங்க தெருவுல கண்ணு நல்லா இருக்கிற கிழங்களே அதெல்லாம் பண்ணாதுங்க. காலைப் பேப்பரை மட்டும் டீச்சர் வாயால படிச்சாத்தான் அவருக்குக் காப்பி இறங்கும். அதையும் போனே படிக்குமேன்னு ஒரு தடவை கேட்டேன். "படிக்கும் சார், ஆனா நடுவுல நிறுத்திட்டு அரசியல்வாதியைத் திட்டாதே"ன்னார். சிரிச்சுட்டேன். நல்ல மனுஷன்தான்.

ஆப் போட்ட மறுவாரம் போனைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டார். "கேளுங்க சார்"னு பச்சை மேல விரலை வெச்சார். "பட்டன்"ன்னுச்சு. நகர்த்தி சிவப்பு மேல வெச்சார். "பட்டன்"ன்னுச்சு.

"ரெண்டும் பட்டன்தான் சார். எது உள்ள விடுறது, எது விடாததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டுக்கும் பேர் வைக்கச் சொல்லுங்க. உங்க கண்ணுக்கு ஒண்ணும் மாறாது, உள்ளுக்குள்ள எழுதினாப் போதும், இது படிச்சுடும்."

நான் சொன்னேன், "இதுக்குப் போய் கம்பெனிக்காரனைத் தொந்தரவு பண்ணணுமா சார்? மொதல்ல வர்றது பச்சை, உள்ள விடு. ரெண்டாவது சிவப்பு, விடாதே. மனப்பாடம் பண்ணிக்குங்க. பேங்க்ல இருந்த அத்தனை பேர் நம்பரையும் மனசுல வெச்சிருந்தவர் நீங்க, இது என்ன பிரமாதம்?"

"அது சரி சார். இடத்தை மாத்திட்டாங்கன்னா?"

"என்னைக் கேக்காம எவன் மாத்துவான்? நான் இருக்கேன், போங்க"ன்னு தோள்ல தட்டி அனுப்பினேன். மொதல்ல வர்றது விடு, ரெண்டாவது விடாதேன்னு சொல்லிக்கிட்டே போனார். அதுக்கப்புறம் ஒரு தப்பு பண்ணலை அவர். டீச்சரைக் கூப்பிடவே மாட்டார், தானே அமுக்குவார். கேஸ்காரன், பால்காரன், பாதிரியார், எல்லாரும் ஒழுங்கா வந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க.

அப்புறம் என் கொழுந்தியா ஒரு நாள் வந்திருந்தா. வாஸ்து பார்க்கிறதுல கெட்டிக்காரி. யாரோ கேட்டுக்கு வந்து என் போன்ல மணி அடிக்கிறப்ப என் சம்சாரம் அதை அவகிட்ட காட்டியிருக்கா. "என்ன மாமா இது, பச்சை இடது பக்கம் இருக்கு? வீட்டுக்குள்ள ஆள் வர்ற சமாச்சாரம். வலது காலை எடுத்து வெச்சு வாங்கன்னு சொல்ற ஊர்ல, வரச்சொல்றதை இடது பக்கம் வெச்சா உருப்படுமா?"ன்னா. எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துது. குத்துவிளக்கு போனது, மோட்டார் புகைஞ்சது, எல்லாம் ஞாபகம் வந்துது. ரெண்டும் ஆப்புக்கு முன்னாடியே நடந்ததுதான், இருந்தாலும். உடனே கம்பெனிக்கு எழுதினேன். அவங்களும் ஒப்புக்கிட்டாங்க தம்பி! உங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றின்னு பதில் போட்டாங்க. அடுத்த அப்டேட்ல பச்சை வலப்பக்கம் வந்துடுச்சு. என் யோசனை! எத்தனை ஊர்ல எத்தனை அபார்ட்மெண்ட்ல என் யோசனையை இன்னிக்கு விரலால தொடறாங்க, யோசிச்சுப் பாருங்க.

சொல்லாமலா விட்டேன்? அன்னிக்கே எங்க வாட்ஸாப் குரூப்புல போஸ்டர் போட்டேன். தாமரைப் பூ, ரெண்டு பக்கம் விளக்கு, நடுவுல கொட்டை எழுத்துல 'இன்று முதல் பச்சை வலப்பக்கம்', கீழே நான் கைகூப்பி நிக்கற போட்டோ. அத்தனை பேரும் கட்டைவிரல் போட்டாங்க. இப்ப சொல்றாங்க, அந்தப் பேசற போன் படத்தைப் படிக்காதாம். 'படம்'னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுமாம். அது எனக்கு எப்படித் தெரியும்? சரி, டீச்சருக்குக் கண்ணு இருக்கே, பார்த்துச் சொல்லியிருக்கலாமே? கேட்டா, தினம் பூவும் விளக்குமா காலை வணக்கம் வந்து கொட்டுது, அதுல ஒண்ணுன்னு நினைச்சு அவங்க திறக்கலையாம். அதுல பாதி நான் அனுப்பறதுதான். மனுஷனுக்கு மனுஷன் வணக்கம் சொல்றதும் குத்தமா?

மறுநாள் காலையிலதான் அது நடந்துது.

நான் கீழே துளசிக்குத் தண்ணி ஊத்திட்டு நடந்துக்கிட்டிருக்கேன். ஒரு ஆம்புலன்ஸ் வந்து கேட்டுல நிக்குது. எங்க வாட்ச்மேன் செங்கோல் ஓடறான். டிரைவர் தலையை நீட்டி, "பொன்மலர், மூணாவது மாடி, வயசான அம்மாவுக்குப் பேச்சு குழறுதாம், சீக்கிரம் திறங்க"ங்கறார். மூணாவது மாடியில ரெண்டே வீடுதான் குடியிருக்கு. ஒண்ணு பூட்டிக் கிடக்கு, ஊருக்குப் போயிருக்காங்க. செங்கோல் இவங்க வீட்டு நம்பரைப் போட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகலை, பதில் வந்துடுச்சு. சிவப்பு.

"வேண்டாம்ங்கறாங்க சார்"ங்கறான்.

நான் மெஷினை வாங்கிப் பார்த்தேன். சிவப்புதான். வீட்டுக்காரரே வேண்டாம்னுட்டார். அப்ப நான் என்னன்னு நினைப்பேன்? நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? தப்பான இடத்துக்கு வந்துட்டாங்கன்னுதானே? எங்க அபார்ட்மெண்ட்டைக் கட்டின அதே பில்டர், மூணு தெரு தள்ளி இன்னொரு பொன்மலர் கட்டியிருக்கான். எங்களுக்கு வர்ற சாப்பாட்டுப் பொட்டலமெல்லாம் அங்கதான் போகும். டிரைவர் கையைக் கூப்பறார், "சார், இந்த லொக்கேஷன்தான் காட்டுது, திறங்க, உள்ள பார்த்துட்டு வந்துடறோம்"ங்கறார். நான் சொன்னேன், "தம்பி, இங்க ரூல்னு ஒண்ணு இருக்கு. வீட்டுக்காரர் வேண்டாம்னா உள்ள விட முடியாது."

செங்கோல் சொன்னான், "நான் வேணா மேல ஓடிப்போய் பார்த்துட்டு வரட்டா சார்?" நான் திட்டினேன். கேட்டை விட்டுட்டு எங்கடா போறேன்னு. அன்னிக்குக் குத்துவிளக்கு போனதே இவன் கேட்டை விட்டுட்டு டீ குடிக்கப் போனதாலதான். மறுபடி நம்பரைப் போடுன்னேன். போட முடியலை. ஒரு தடவை சிவப்பு வந்தா கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிக்கும். கொரியர்காரன் திரும்பத் திரும்ப அடிச்சு உயிரை வாங்கக் கூடாதுன்னு அதையும் நான்தான் வைக்கச் சொன்னேன். ஞானாதிக்கம் போனுக்கு அடிச்சேன். பேசிக்கிட்டிருக்கார், லைன் கிடைக்கலை. ஆம்புலன்ஸ் ஆபீஸுக்குத்தான் பேசிக்கிட்டிருந்திருக்கார், எங்கே வர்றீங்க எங்கே வர்றீங்கன்னு. அது பிற்பாடு தெரிஞ்சுது.

நல்லாக் கேட்டீங்க. ஆமா, என் போன்ல இருந்து திறக்கலாம். செயலாளருக்கு மட்டும் அந்த வசதி உண்டு. ஆனா அதை அமுக்கினா, செயலாளர் ரூலை மீறித் திறந்தார்னு குரூப்புல அத்தனை பேருக்கும் செய்தி போகும். அதுக்கு முந்தின மாசம்தான் எங்க பொருளாளர் அவர் மச்சானுக்காக வாட்ச்மேனை மிரட்டிக் கேட்டைத் திறந்தார்னு குரூப்புல அவரைக் கிழி கிழின்னு கிழிச்சிருந்தேன். நானே திறந்தா அந்த ஆளு என்னை விட்டுவெப்பானா? போன் கையிலதான் இருந்துது. விரலைக் கூட வெச்சேன். அப்புறம் எடுத்துட்டேன்.

டிரைவர்கிட்ட தன்மையா வழி சொன்னேன். இப்படியே போய் வலது பக்கம் திரும்புங்க, பள்ளிக்கூடம் தாண்டினா இன்னொரு பொன்மலர், அங்கதான் இருக்கும், சீக்கிரம் போங்கன்னேன். அவங்க நல்லதுக்குத்தானே சொன்னேன்! வண்டி சைரன் போட்டுக்கிட்டுப் போச்சு.

மேல ஏதோ சத்தம் கேட்டுச்சு. மோட்டார் ஓடிக்கிட்டிருந்துது, என்னன்னு புரியலை. பால்காரனோட யாரோ சண்டை போடறாங்கன்னு நினைச்சேன். இவர்தான் பால்கனியில நின்னு, "செங்கோல், கேட்டைத் திற, திற"ன்னு கத்தியிருக்கார். சைரன் வந்தது அவருக்குக் கேட்டிருக்கு. வந்த சைரன் தள்ளித் தள்ளிப் போறதும் கேட்டிருக்கு.

கொஞ்ச நேரத்துல மாடிப்படியில இறங்கி வர்றார். கையில கோல் இல்லை, கால்ல செருப்பு இல்லை, கைலி பாதி அவுந்து கிடக்கு. "யாரு அங்க? பெரியநாயகம் சாரா? வண்டி ஏன் போகுது? நான் விடுன்னுதானே அமுக்கினேன்"ங்கறார்.

"இல்ல சார், நீங்க சிவப்பை அமுக்கியிருக்கீங்க"ன்னேன்.

"மொதல்ல வர்றதைத்தான் அமுக்கினேன். நீங்க சொன்ன மாதிரி மொதல்ல வர்றதைத்தான் சார் அமுக்கினேன்."

"அது நேத்தோட மாறிப்போச்சே சார், போஸ்டர் பார்க்கலையா?"ன்னு கேட்டேன்.

வாய்தவறி வந்துடுச்சு தம்பி. எல்லாருக்கும் வர்றதுதான். அவர் கைப்பிடியைத் தடவிக்கிட்டு மறுபடி மேல ஏறிட்டார். செங்கோல் அதுக்குள்ள செருப்பை உதறிட்டு ஆம்புலன்ஸ் பின்னாலயே தெருவுல ஓடறான். பள்ளிக்கூடம் விடற... இல்ல, பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிற நேரம். ஆட்டோவும் வேனும் அடைச்சுக்கிட்டு நிக்குது. வண்டி அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. திரும்பி வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு என்னைக் கேக்காதீங்க. எனக்கு அந்த நேரத்தைப் பத்திப் பேசப் பிடிக்கலை.

நான் மேல போனேன். போகாம இருக்க நான் என்ன கல்லா? டீச்சர் தரையில கிடக்காங்க. பக்கத்துல பேப்பர். பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கிறப்பவே வார்த்தை குழறியிருக்கு. அதை வெச்சுத்தான் அவர் கண்டுபிடிச்சிருக்கார், உடனே போன் பண்ணியிருக்கார். கண்ணு தெரிஞ்சவன்கூட அவ்வளவு சீக்கிரம் பண்ணியிருக்க மாட்டான், அதை நான் ஒத்துக்கறேன். டீச்சர் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கு. கண்ணு மட்டும் என்னையே பார்க்குது. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை.

ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாராம், இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பேச்சு தப்பியிருக்கலாம்னு. தப்பியிருக்கலாம்! தப்பியிருக்கும்னு சொல்லலையே? இவங்க அந்த 'லாம்'ஐ விட்டுட்டாங்க.

நான் ஹார்லிக்ஸ், ஆப்பிளெல்லாம் வாங்கிக்கிட்டுப் பார்க்கப் போனேன். சண்டை போடுவார்னு நினைச்சேன். திட்டுவார்னு நினைச்சேன். திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அவர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். "பட்டனுக்குப் பேர் வைக்கச் சொல்லுங்க சார்." அவ்வளவுதான். கம்பெனிக்காரனைக் கேட்டேன். அது அரை நாள் வேலை சார், உங்க அசோசியேஷன் லெட்டர்ஹெட்ல ஒரு வரி எழுதிக் குடுங்க, பண்ணிடறோம்னான். எழுத உக்காந்துட்டேன். என் மாப்பிள்ளை வக்கீல். அவர்தான் தடுத்தார். "மாமா, எழுதிக் குடுத்தா, முன்னாடி சரியில்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு அதை வெச்சே உங்களைப் பிடிப்பாங்க"ன்னார். பேனாவை மூடி வெச்சுட்டேன்.

இவர் விடலை. பொதுக்குழுவுல எழுந்து கேட்டார். சரி, ஓட்டுக்கு விடுவோம்னேன், நான் ஜனநாயகவாதி. எங்க ஓட்டெல்லாம் ஆப்லதான். அவர், "அதுலயும் பட்டன் பட்டன்னுதான் சார் சொல்லுது, நான் வாயால சொல்றேன், என் ஓட்டு வேணும்"ன்னார். வாயால சொன்னா செல்லாது, ஆப்ல போட்டாத்தான் கணக்குன்னு சொல்லிட்டேன். ஆளுக்கு ஒரு நியாயம் வைக்க முடியாது பாருங்க. டீச்சரும் நாற்காலியில உக்காந்துக்கிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டினாங்க. வலது கை வராது அவங்களுக்கு. கையைத் தூக்கினாலும் கணக்கில்லைன்னு சொன்னேன். எங்க சட்டப்படி ஓட்டுப் போடாதவங்க கமிட்டி பக்கம். அவங்க வீட்டு ஓட்டும் என் பக்கம்தான் விழுந்துது தம்பி. அவங்க கேட்டதுக்கு அவங்களே எதிர் ஓட்டு! அதைச் சொன்னேன், ஒருத்தரும் சிரிக்கலை.

அதுக்கப்புறம்தான் இங்க மனு. பணம் கேட்டிருந்தாக்கூட வசூல் பண்ணி மூஞ்சியில எறிஞ்சிருப்பேன். ரெண்டு பட்டனுக்கும் பேர் வைக்கணுமாம், அவ்வளவுதான் கேக்கறார். அதுக்கு என்னை சென்னை வரைக்கும் இழுத்தடிக்கிறார். இப்ப அவங்க வீட்டுக்கு யார் வந்தாலும் செங்கோல் மூணு மாடி ஓடி ஏறிப் போய்ச் சொல்லிட்டு வர்றான். நான் எச்சரிக்கை குடுத்துட்டேன். வேலையை விட்டு அனுப்புங்க சார்ங்கறான், அந்தத் திமிரைப் பாருங்க.

இன்னுமா? ஆமா, இன்னும் பட்டன் பட்டன்தான். இப்ப மாத்தினா நான் தோத்த மாதிரி ஆயிடாதா?

பாருங்க, மறுபடி எழுந்துட்டார். கோலைத் தட்டிக்கிட்டு கவுண்ட்டருக்குப் போறார். இங்க பேர் சொல்லிக் கூப்பிடறதை நிறுத்திட்டாங்க. மேல அந்த டிவியில நம்பர் வரும், வந்தா அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள போகணும். அவருக்கு டிவி தெரியாது. டீச்சருக்குத் தெரியும், சொல்ல முடியாது. அதனால அவர் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் போய் வரிசையில நின்னு, நம்பர் வந்துச்சான்னு கேட்டுட்டு வர்றார். போன தடவை அப்படி வரிசையில நிக்கறப்பவே நம்பர் வந்து போயிடுச்சு. மனுதாரர் ஆஜராகலைன்னு தேதியைத் தள்ளிட்டாங்க. இன்னிக்கும் ஆஜராகலைன்னா மனுவையே மூடிடுவாங்களாம். அந்தக் கிளார்க் சொன்னார்.

நான் ஏன் தம்பி சொல்லணும்? எதிர்மனுதாரர் போய் மனுதாரரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது எந்த ஊர் நியாயம்? என் நம்பரும் அதுதான், அதுக்காக நான் முந்திக்கிட்டு ஓடணுமா? அவங்க வராம நான் மட்டும் உள்ள போய் என்ன பண்ணப் போறேன்.

அட. வந்துடுச்சு. பதினேழு. எங்களதுதான். சிவப்புல விட்டு விட்டு எரியுது பாருங்க, கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் அடுத்த நம்பர் வந்துடும்.

டீச்சர் பார்த்துட்டாங்க. இடது கையைத் தூக்கறாங்க. கேக்குதா? 'சரி... சரி...'ங்கறாங்க. அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் அவங்களுக்கு. தண்ணி வேணும்னாலும் சரி, வலிச்சாலும் சரி, என்ன சொல்ல வந்தாலும் வாயில அதுதான் வருது. அவர் வரிசையில நிக்கறார், முன்னாடி நாலஞ்சு பேர் நிக்கறாங்க. அவருக்குக் கேட்டுடுச்சு, திரும்பறார். கையைக் காட்டறார். இதோ வந்துடறேன்னு சொல்றார். சிரிக்கிறார் தம்பி. மறுபடி திரும்பிக்கிட்டார்.

சத்தம் போடறாங்களே டீச்சர். சரி, சரி, சரின்னு. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க, யாருக்கும் புரியலை. எதுக்கு இப்ப என்னைப் பார்க்கிறாங்க? என்னையே பார்க்கிறாங்க. தம்பி, கொஞ்சம் இப்படி நகர்ந்து உக்காருங்க, நடுவுல மறைச்சாப்ல. நான் என்ன பண்ணினேன்? நான் ஒண்ணும் பண்ணலையே. சும்மா உக்காந்துதானே இருக்கேன். அன்னிக்கும் நான் சும்மா நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன்.

கொஞ்ச நேரம்தான். அவ்வளவுதான், இப்ப மாறிடும்.

தம்பி, எங்க எழுந்திருக்கீங்க? உக்காருங்க. உங்களைத்தான், உக்காருங்க தம்பி. அது உங்க நம்பர் இல்லை.